தங்கச் சிப்பின் மேற்பூச்சில் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

எஸ்பிஆர் கருவியில் (தங்கப் படலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கொண்டு, அதில் எவ்வளவு புரதம் ஒட்டியது என்று காட்டுவது) சி.ஆர்.பி. (உடலில் அழற்சி வந்தால் இரத்தத்தில் கூடும் புரதம்) அளக்கும் சிப் தப்பான எண்ணைக் காட்டினால் முதல் பழி எதிர்ப்பொருள்மீது விழும், அடுத்தது கருவிமீது. உண்மையான காரணம் பெரும்பாலும் இரண்டுக்கும் நடுவில், தங்கத்தின்மேல் சில நானோமீட்டர் தடிமனில் இருக்கும் பூச்சில்தான் கிடக்கும். இதில் சிக்கல் என்னவென்றால், ஒரே மாதிரி வரைகோடு நாலு வேறு காரணங்களால் வரலாம். அதனால் புதுச் சிப்பை எடுத்துப் பூச ஆரம்பிக்கும் முன், சந்தேகப்படும் காரணங்களைப் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். கீழே ஒவ்வோர் அறிகுறியோடும் அந்தச் சோதனை இருக்கிறது.

எண்கள் எல்லாம் இந்த அமைப்புக்கானவை. கண்ணாடிமேல் சுமார் 50 நானோமீட்டர் தங்கம், அடியில் 2 முதல் 3 நானோமீட்டர் குரோமியம் அல்லது டைட்டானியம். அதன்மேல் இரண்டு தயோல்களின் (கந்தக நுனியால் தங்கத்தில் ஒட்டும் மூலக்கூறுகள்) கலவை: எத்திலீன் கிளைக்கால் சங்கிலியின் நுனியில் கார்பாக்சில் உள்ளது ஒரு பங்கு, ஹைட்ராக்சில் உள்ளது ஒன்பது பங்கு, இரண்டும் சேர்த்து எத்தனாலில் 1 மில்லிமோலார், 18 மணி நேர ஊறல். பிறகு ஈ.டி.சி., என்.எச்.எஸ். என்ற இரண்டு வினைப்பொருள்களால் கார்பாக்சிலைத் தூண்டி எஸ்டராக்கி, சி.ஆர்.பி.க்கு எதிரான எலி எதிர்ப்பொருளை அதன் அமைன் வழியாகப் பிணைத்து, மிஞ்சிய எஸ்டர்களை எத்தனோலமைனால் மூடுகிறோம். ஓடும் பஃபர்: 10 மில்லிமோலார் ஹெப்பிஸ், பிஎச் 7.4, 150 மில்லிமோலார் உப்பு, 3 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏ., 0.005 சதவீதம் ட்வீன் 20 (சோப்புபோன்ற பொருள்). ஆர்யூ என்பது கருவி காட்டும் சிக்னலின் அலகு; 1 ஆர்யூ ஏறத்தாழ சதுர மில்லிமீட்டருக்கு 1 பிக்கோகிராம் புரதம்.

பூசிய சிப்பில் தண்ணீர் திரண்டு நிற்கிறது

இது கருவிக்குள் போகும் முன்பே தெரியும் அறிகுறி. பலரும் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். தொடுகோணம் அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் மைக்ரோபிப்பெட்டும் அளவுகோலும் போதும். 2 மைக்ரோலிட்டர் சுத்த நீரைச் சிப்பின்மேல் வைத்து, துளியின் குறுக்களவை அளந்து பாருங்கள். நன்றாகப் படிந்த பூச்சில் கோணம் 30 பாகையை ஒட்டி இருக்கும், துளி 3.3 மில்லிமீட்டர் வரை பரவும். 2.3 மில்லிமீட்டரிலேயே நின்றுவிட்டால் கோணம் 70 பாகை. மேற்பரப்பில் கொழுப்போ எண்ணெயோ இருக்கிறது. சிப்பின் நடுவிலும் இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு துளி வையுங்கள். ஓரத்தில் மட்டும் திரண்டால் இடுக்கியின் அழுக்கோ கையுறையின் எச்சமோ காரணம். எங்கும் திரண்டால் தங்கம் ஊறலுக்குப் போகும்போதே அழுக்காக இருந்திருக்கிறது.

சுத்தமான தங்கம் காற்றில் இருக்கும் கரிமச் சேர்மங்களைச் சில மணி நேரத்திலேயே வாங்கிக்கொள்ளும். அதனால் சுத்தம் செய்த உடனேயே தயோலுக்குள் இறக்க வேண்டும். புறஊதா ஓசோனில் 15 முதல் 20 நிமிடம் வைத்தால் அழுக்கு எரிந்துவிடும். கூடவே தங்கத்தின்மேல் மெல்லிய ஆக்சைடும் உருவாகும். 10 நிமிடமாவது எத்தனாலில் போட்டு அந்த ஆக்சைடைப் போக்கிய பிறகுதான் தயோல். இந்தப் படியைத் தாண்டினால் தயோல் ஒழுங்காக அடுக்காது. ஈர முறை வேண்டுமென்றால் நீர், அம்மோனியா, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 5:1:1 என்ற அளவில், 75 பாகை செல்சியஸில் 10 நிமிடம். அடிப்படலம் டைட்டானியம் என்றால் இந்தக் கலவை அதை ஓரத்திலிருந்து அரிக்கும். தங்கம் ஓரத்தில் தாள்போல உரிந்து மிதந்தால் காரணம் இதுதான். அந்த வகைச் சிப்புக்கு ஓசோனோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கந்தக அமிலமும் பெராக்சைடும் சேர்ந்த பிரான்ஹா கலவையை ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கலாம். அது அசிட்டோன், எத்தனால் போன்ற கரைப்பான்களைத் தொட்டால் வெடிக்கக்கூடும். மூடிய பாட்டிலில் வைத்தால் வாயு நிரம்பிப் பாட்டிலே சிதறும். வாயு வெளியேற்றும் அறையும் பயிற்சியும் இல்லாத இடத்தில் அதைத் தொடாதீர்கள். இந்த வேலைக்கு அது தேவையுமில்லை.

தங்கம் சுத்தமாக இருந்தும் துளி திரள்கிறதா? ஊறல் பாத்திரத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் குப்பியில் எத்தனால் பல மணி நேரம் நின்றால் பிளாஸ்டிக்கிலுள்ள சேர்மங்கள் கரைந்து வரும். கண்ணாடிக் குப்பியே சரி. கார்பாக்சில் நுனியுள்ள தயோல்கள் ஒன்றோடொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டி இரண்டாவது அடுக்காகவும் படியும். ஊறல் கரைசலில் 2 சதவீதம் அசிட்டிக் அமிலம் சேர்த்து, முடிந்ததும் அதே அமில எத்தனாலில் ஒருமுறையும் வெறும் எத்தனாலில் இருமுறையும் அலசினால் அந்த அடுக்கு போய்விடும்.

எதிர்ப்பொருள் பிணையவே இல்லை

இந்தப் பூச்சில் 1500 முதல் 3000 ஆர்யூ வரை எதிர்பார்க்கலாம். 200, 300 என்று நின்றால் மூன்று சந்தேகங்கள்: எதிர்ப்பொருள் மேற்பரப்பை நெருங்கவில்லை, தூண்டல் நடக்கவில்லை, எதிர்ப்பொருள் குப்பியில் வேறெதோ போட்டிக்கு நிற்கிறது.

முதல் சந்தேகத்துக்கு, தூண்டாத சிப்பில் எதிர்ப்பொருளை மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் அளவில், 10 மில்லிமோலார் சோடியம் அசிட்டேட்டில் கரைத்து, பிஎச் 5.5, 5.0, 4.5, 4.0 என்று வரிசையாக ஒவ்வொரு நிமிடம் செலுத்துங்கள். மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. புரதம் அதன் ஐசோஎலக்ட்ரிக் புள்ளிக்குக் (நிகர மின்னூட்டம் இல்லாத பிஎச்) கீழுள்ள பிஎச்சில் நேர்மின்னூட்டம் பெறும். அதனால் சரியான பிஎச்சில் கோடு சட்டென்று ஏறி, பஃபர் வந்ததும் பழைய இடத்துக்கே இறங்கும். நன்றாக ஏறும் பிஎச்களில் உயர்ந்ததையே எடுங்கள். 4.0இல் இன்னும் கொஞ்சம் ஏறுகிறதே என்று அதைத் தேர்ந்தெடுப்பது வீண் ஆசை. எதிர்ப்பொருள் குலையும் அபாயம் கூடும், தூண்டிய எஸ்டரோடு அமைன் வினைபுரிவதும் மந்தமாகும். எந்த பிஎச்சிலும் ஏறவில்லை என்றால் எதிர்ப்பொருள் குப்பியின் உப்பு அதிகமாக இருக்கலாம். உப்பு இந்த ஈர்ப்பைக் கொன்றுவிடும்.

ஈர்ப்பு சரி, பிணைப்பு மட்டும் இல்லை என்றால் லைசோசைம் (முட்டை வெள்ளைக்கருவிலுள்ள சிறு புரதம்) கொண்டு சோதியுங்கள். அதன் ஐசோஎலக்ட்ரிக் புள்ளி 11ஐ ஒட்டியது. தூண்டிய மேற்பரப்பில் எளிதாகப் பிணையும். தூண்டிய சிப்பில் லைசோசைம் விட்டு, எத்தனோலமைன் போட்டு, 1 மோலார் உப்பால் அலசிய பிறகும் சிக்னல் தங்குகிறதா? தங்கினால் தூண்டல் நன்றாக நடக்கிறது, குற்றம் எதிர்ப்பொருள் கரைசலில். தங்காவிட்டால் ஈ.டி.சி. கெட்டுவிட்டது.

ஈ.டி.சி. ஈரத்தைக் கண்டால் சிதையும். மைனஸ் 20இலிருந்து எடுத்த குப்பியை அறை வெப்பநிலைக்கு வரும் முன் திறந்தால் உள்ளே பனித்துளி படியும். சில தடவை அப்படித் திறந்தாலே தூள் கட்டியாகிவிடும். 0.4 மோலார் ஈ.டி.சி.யையும் 0.1 மோலார் என்.எச்.எஸ்.ஸையும் தனித்தனியாக நீரில் கரைத்து, செலுத்துவதற்குச் சற்று முன் சம அளவில் கலந்து, நிமிடத்துக்கு 10 மைக்ரோலிட்டர் வேகத்தில் 7 நிமிடம் விடுங்கள். கலந்ததைக் காலையில் வைத்துவிட்டு மாலையில் எடுக்கக் கூடாது. தூண்டியதும் எதிர்ப்பொருளை உடனே அனுப்புங்கள். என்.எச்.எஸ். எஸ்டரின் அரை ஆயுள் பிஎச் 7இல், பனிக்கட்டிக் குளிர்ச்சியில் 4, 5 மணி நேரம், பிஎச் 8.6இல், 4 பாகையில் வெறும் 10 நிமிடம்.

எதிர்ப்பொருள் குப்பியின் லேபிளைப் படியுங்கள். ட்ரிஸ், கிளைசின் இரண்டிலும் அமைன் இருக்கிறது. அவையே எஸ்டரைத் தின்றுவிடும். சோடியம் அசைடும் எஸ்டரோடு வினைபுரியும். நிலைப்படுத்தச் சேர்த்த மாட்டு ஆல்புமின் இன்னும் மோசம்: ஆர்யூ அழகாக ஏறும், ஆனால் சிப்பில் பிணைவது பெரும்பாலும் ஆல்புமின்தான். சிறு மூலக்கூறுகளை டீசால்ட்டிங் குழாய் (உப்பு நீக்கும் வடிகுழாய்) நீக்கிவிடும், ஆல்புமினை நீக்காது. ஆல்புமின் சேர்க்காத எதிர்ப்பொருளைக் கேட்டு வாங்குவதே வழி.

நிறையப் பிணைந்தது, ஆனால் சி.ஆர்.பி.யைப் பிடிக்கவில்லை

கணக்கைப் போட்டுப் பாருங்கள். சி.ஆர்.பி. ஐந்து துண்டுகள் சேர்ந்த வளையம், சுமார் 115 கிலோடால்ட்டன்; எதிர்ப்பொருள் 150. எதிர்ப்பொருள் 2000 ஆர்யூ இருந்து, ஒன்றுக்கு ஒன்று பிடித்தால் 2000ஐ 115ஆல் பெருக்கி 150ஆல் வகுக்க, சுமார் 1530 ஆர்யூ வர வேண்டும். மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் சி.ஆர்.பி.யை விட்டு நிறைவு நிலை வரை காத்திருங்கள். மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் தாறுமாறாகப் பிணைக்கும் இந்த முறைக்கு அது நியாயமான பலன். 150 ஆர்யூவோடு நின்றால் எதிர்ப்பொருளில் பெரும்பகுதி செத்துவிட்டது, அல்லது நெரிசலில் அதன் கைகளுக்கு இடமில்லை.

இரண்டையும் பிரிக்க, தொடர்பு நேரத்தைக் குறைத்து 600 ஆர்யூ மட்டும் பிணைத்த இன்னொரு சேனலை (சிப்பின் தனி ஓடுபாதை) ஓட்டுங்கள். விகிதம் கூடினால் காரணம் நெரிசல். அந்த அடர்த்தியிலேயே தொடருங்கள். விகிதம் மாறவில்லை என்றால் எதிர்ப்பொருள் குலைந்திருக்கிறது அல்லது தலைகீழாகப் பிணைகிறது. பிஎச்சை உயர்த்திப் பார்த்துவிட்டு, சிப்பில் ஸ்ட்ரெப்டாவிடின் புரதத்தை வைத்து, அது இறுகப் பிடிக்கும் பயோட்டினை ஏற்றிய எதிர்ப்பொருளை அதில் மாட்டும் வழிக்குப் போங்கள். எதிர்ப்பொருள் ஏறியபின் மிஞ்சிய இடங்களைத் தனிப் பயோட்டினால் மூடுவது அவசியம்.

எதிர்ப்பொருளின் தண்டைப் பிடிக்கும் பாக்டீரியப் புரதங்களான புரதம் ஏ, புரதம் ஜி வைத்து எதிர்ப்பொருளை நேராக நிறுத்தும் யோசனை தூய கரைசலில் அருமையாக வேலை செய்யும். சீரத்துக்கு அது ஆகாது. சீரத்தில் நோயாளியின் சொந்த எதிர்ப்பொருளான ஐஜிஜி மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. காலியாக இருக்கும் இடங்களில் அது உட்காரும். நீங்கள் வைத்ததையும் தள்ளிவிடும். மேலும், எலி ஐஜிஜி1 வகை புரதம் ஏயோடு பலவீனமாகத்தான் ஒட்டும்.

சீரம் விட்டதும் எல்லாச் சேனலும் ஏறுகிறது

ஏறுவதெல்லாம் ஒட்டல் அல்ல. சீரத்தில் மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராம் புரதம் உண்டு. அதன் ஒளிவிலகல் எண் மட்டுமே, ஒன்றும் ஒட்டாமலே, 12,000 ஆர்யூ அளவு கோட்டைத் தூக்கும். 50 மடங்கு நீர்த்தால் சுமார் 250. இது சீரம் போனதும் இறங்கிவிடும். ஆகவே சீரம் ஓடும்போது வரும் எண்ணைப் பார்த்துப் பதறாமல், பஃபர் திரும்பி 3 நிமிடம் ஆனபின் ரெஃபரன்ஸ் சேனலில் (சி.ஆர்.பி. எதிர்ப்பொருள் இல்லாத, ஒப்பிட்டுக் கழிப்பதற்கான சேனல்) மிஞ்சுவதைப் படியுங்கள். 10 மடங்கு நீர்த்த சீரத்தை 5 நிமிடம் விட்டபின் 20, 30 ஆர்யூ மிஞ்சினால் பூச்சு நன்றாக இருக்கிறது. 100ஐத் தாண்டினால் வேலை இருக்கிறது.

எது ஒட்டுகிறது என்று தெரியாமல் மருந்து போடக் கூடாது. மூன்று தூய புரதங்களைத் தனித்தனியாக விடுங்கள்: ஆல்புமின் 10 மில்லிகிராம், லைசோசைம் 1 மில்லிகிராம், இரத்தம் உறையச் செய்யும் ஃபைப்ரினோஜன் 1 மில்லிகிராம் (ஒவ்வொன்றும் மில்லிலிட்டருக்கு). இந்த வேலையில் இதைவிடப் பயனுள்ள அரை மணி நேரம் கிடையாது.

லைசோசைம் மட்டும் ஒட்டினால் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் மிஞ்சியிருக்கிறது. எத்தனோலமைன் போட்டாயிற்றே என்பீர்கள். அது தூண்டிய எஸ்டர்களை மட்டுமே மூடும். தூண்டப்படாத கார்பாக்சில்களும், நீரால் சிதைந்து பழையபடி ஆனவையும் அப்படியே நிற்கும். தயோல் விகிதத்தை 1:9இலிருந்து 1:19க்குக் குறையுங்கள். சீரத்தை நீர்க்கும் பஃபரில் உப்பை 300 முதல் 500 மில்லிமோலார் வரை ஏற்றி, கார்பாக்சிமெத்தில் டெக்ஸ்ட்ரான் (எதிர்மின்னூட்டம் கொண்ட சர்க்கரைச் சங்கிலி) மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் சேருங்கள். நேர்மின்னூட்டப் புரதங்கள் மேற்பரப்புக்குப் பதிலாகக் கரைசலிலுள்ள டெக்ஸ்ட்ரானைப் பிடித்துக்கொள்ளும்.

ஃபைப்ரினோஜன் ஒட்டினால் பூச்சில் ஓட்டை. நீர் வெறுக்கும் கார்பன் சங்கிலியோ வெறும் தங்கமோ வெளியே தெரிகிறது. எத்திலீன் கிளைக்கால் நுனிகள் புரதத்தை விலக்கும் என்பதை 1991இல் ஹார்வர்டில் பிரைமும் வைட்சைட்ஸும் காட்டினார்கள். அந்த விலக்கல் இடைவெளியில்லாத அடுக்குக்குத்தான் பொருந்தும். ஊறலை 24 மணி நேரமாக்குங்கள். பிறகு ஹைட்ராக்சில் தயோல் மட்டும் உள்ள கரைசலில் 1 மணி நேரம் வைத்து ஓட்டையை நிரப்புங்கள். ஓடும் பஃபரில் ட்வீனை 0.05 சதவீதமாக்கலாம். மூன்றும் ஒட்டினால் திருத்த முயல வேண்டாம். தங்கத்தைச் சுத்தம் செய்வதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

நீர்ப்பைக் கூட்டிக்கொண்டே போனால் ஒட்டல் குறையும், ஆனால் அளக்க வேண்டியதும் கரையும். இதய அபாயத்துக்கான சி.ஆர்.பி. எல்லைகள் லிட்டருக்கு 1, 3 மில்லிகிராம். 1 மில்லிகிராம் என்பது சுமார் 9 நானோமோலார். 50 மடங்கு நீர்த்தால் 0.2 நானோமோலாருக்கும் கீழே போய்விடும். கடும் தொற்றில் 100 மில்லிகிராமைத் தாண்டும் நோயாளிக்கு 50 மடங்கு சரி. குறைந்த அளவைத் தேடும் சோதனைக்கு 10 மடங்கோடு நிறுத்தி, மிச்சத்தைப் பூச்சில் சரிசெய்யுங்கள்.

சி.ஆர்.பி. நீக்கிய சீரத்தை விட்டும் எதிர்ப்பொருள் சேனல் மட்டும் ஏறினால் அது வேறு கதை. சிலரின் இரத்தத்தில் எலி எதிர்ப்பொருளையே பிடிக்கும் எதிர்ப்பொருள்களோ ருமட்டாய்டு காரணியோ (ஐஜிஜியைப் பிடிக்கும் தன்னெதிர்ப்பொருள்) இருக்கும். ரெஃபரன்ஸ் சேனலை வெறும் எத்தனோலமைனால் மூடிவிட்டால் இது கழிபடாது, இல்லாத சி.ஆர்.பி. இருப்பதாக அறிக்கை போகும். அந்தச் சேனலிலும் அதே வகை எலி ஐஜிஜியை, வேறு எதையும் குறிவைக்காததாகப் பார்த்து, அதே அடர்த்தியில் பிணையுங்கள். மாதிரியில் எலி ஐஜிஜி மில்லிலிட்டருக்கு 50 முதல் 100 மைக்ரோகிராம் சேருங்கள்.

இன்னொரு பொறி சி.ஆர்.பி.க்கே உரியது. புரத ஒட்டலைத் தடுக்கப் பாஸ்ஃபோரைல்கோலின் பூச்சைப் பரிந்துரைப்பார்கள். பொதுவாக நல்ல பூச்சுதான். ஆனால் கால்சியம் இருக்கும்போது சி.ஆர்.பி. தானாகவே பாஸ்ஃபோரைல்கோலினைப் பிடிக்கும். உடலில் அதன் வேலையே அது. கால்சியம் உள்ள பஃபரில் ஓட்டினால் ரெஃபரன்ஸ் சேனலும் சி.ஆர்.பி.யைப் பிடித்து, கழித்தபின் சிக்னல் குறைந்து தெரியும். அளவு உயர்ந்த நோயாளி நலமானவராகத் தெரியும் ஆபத்து இது. ஈ.டி.டி.ஏ. உள்ள பஃபரில் இந்தப் பிடிப்பு நடக்காது. வேறு காரணத்துக்காக ஈ.டி.டி.ஏ.யை எடுத்துவிட்டீர்களா என்று முதலில் பாருங்கள்.

பேஸ்லைன் நகர்ந்துகொண்டே இருக்கிறது

பேஸ்லைன் என்பது வெறும் பஃபர் ஓடும்போது வரும் கோடு. இரண்டு சேனலும் ஒரே வேகத்தில் நகர்ந்தால் காரணம் வெப்பநிலை. நீரின் ஒளிவிலகல் எண் பாகைக்கு சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாறும். அதாவது 1 பாகைக்கு 100 ஆர்யூ. குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பஃபரை நேராக மாட்டியிருப்பார்கள். அறை வெப்பநிலைக்கு விட்டு, காற்றை நீக்கி மாட்டுங்கள்.

எதிர்ப்பொருள் சேனல் மட்டும் இறங்கினால், பிணையாமல் சும்மா படிந்த எதிர்ப்பொருள் கழன்றுகொண்டிருக்கிறது. 10 மில்லிமோலார் கிளைசின், பிஎச் 2.0, 30 விநாடி வீதம் மூன்று முறை விட்டு, அளவைத் தொடங்கும் முன்பே அதைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் மெதுவாக, ஆனால் வெவ்வேறு வேகத்தில் இறங்கினால் தயோலே கழல்கிறது. வெளிச்சத்திலும் காற்றிலும் இருந்த சிப்பில் கந்தகம் சல்ஃபோனேட்டாக மாறிவிடும். அது தங்கத்தோடு ஒட்டாது, கழுவினால் போய்விடும். அந்தச் சிப் இனி உதவாது.

ஒவ்வொரு சுழற்சியிலும் சிக்னல் குறைகிறது

பேஸ்லைனையும் பிடிப்பையும் சேர்த்துப் பார்த்தால் காரணம் வெளிப்படும். பேஸ்லைன் ஏறி, பிடிப்பு குறைந்தால் சி.ஆர்.பி. முழுதாக வெளியேறவில்லை. பேஸ்லைன் அப்படியே இருக்க, பிடிப்பு குறைந்தால் அமிலம் எதிர்ப்பொருளைக் குலைக்கிறது. இரண்டும் சேர்ந்து இறங்கினால் எதிர்ப்பொருளே பெயர்ந்து போகிறது.

கிளைசினை பிஎச் 3.0, 2.5, 2.0, 1.5 என்று மென்மையிலிருந்து கடுமைக்குப் போங்கள், ஒவ்வொன்றும் 30 விநாடி. வேலை செய்யும் முதல் பிஎச்சில் நிறுத்துங்கள். ஒரே நீண்ட கழுவலைவிட இரண்டு குறுகிய கழுவல்கள் எதிர்ப்பொருளுக்கு நல்லது. சி.ஆர்.பி. பல கைகளால் பிடித்திருப்பதால் கழற்றுவது கடினம். கால்சியம் இல்லாத அமிலத்தில் வளையம் உடைந்து ஒரு துண்டு மட்டும் தங்கிவிடவும் வாய்ப்புண்டு. நோயாளி மாதிரிக்கு ஒரு சிப்பை ஒருமுறை பயன்படுத்திக் கழிப்பதே நேர்மையான வழி. கழுவித் திரும்ப ஓட்டுவதை முறையை உருவாக்கும் கட்டத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

புதிதாக நன்றாக ஓடிய சிப், சில வாரம் கழித்து ஓடவில்லை

எதிர்ப்பொருள் காய்ந்து குலைந்திருக்கும். பிணைத்து முடித்ததும் 5 சதவீத ட்ரெஹலோஸ் (ஒரு சர்க்கரை) கலந்த பஃபரில் 10 நிமிடம் வைத்து, ஓரத்தைத் தாளில் தொட்டு வடித்து, நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, ஒளி புகாத அலுமினியப் பையில் நைட்ரஜன் நிரப்பி ஒட்டி, 4 பாகையில் வையுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு சிப்பை அன்றே ஓட்டி, இன்னொன்றை 37 பாகையில் ஒரு வாரம் வைத்து ஓட்டிப் பாருங்கள். பிடிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் அந்தத் தொகுதியை ஒதுக்கிவிடுங்கள். பையைத் திறக்கும் முன் அறை வெப்பநிலைக்கு வரட்டும், இல்லாவிட்டால் சிப்பின்மேல் பனி படியும். திறந்த பையை மறுபடி ஒட்டி வைக்காமல் அன்றைக்கே பயன்படுத்திவிடுங்கள்.